எட்டே காலுக்கு வெளியே வருவாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்த ஒரு மழைக்கால மதியம். மயிலாப்பூரில், லஸ் பக்கத்தில், என் மகள் படித்த மழலையர் பள்ளியின் வாசலில் நின்று நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல தடவை எழுத உட்கார்ந்து, பாதியில் எழுந்து போயிருக்கிறேன்.

அப்போது நான் ஒரு பெண் வழக்கறிஞரிடம் பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அவரிடம்தான் இருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். மகளுக்கு மூன்று வயதாகிப் பள்ளியில் விட்ட பிறகு, தினம் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை கையில் நேரம் இருந்தது. உயர் நீதிமன்றத்தில் தமிழ்க் காகிதம் எதைக் கொடுத்தாலும் கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பும் தட்டச்சும்தான் என் வேலை. அலுவலகம் கோயில் குளத்துக்குப் பின்தெருவில், ஒரு பூக்கடைக்கு மேலே முதல் மாடி. எங்கள் வீடு மந்தைவெளி. நடந்தே போய்விடலாம்.

மேடம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாராம். இருபது வருடத்துக்கு மேலாக, வேறு வக்கீல்கள் தொடத் தயங்கிய வழக்குகளைத்தான் எடுத்து நடத்தி வந்தார். கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்ததற்காகப் பிடித்துப் போகப்பட்ட திருநங்கைகள், சேர்ந்து வாழ்வது தெரிந்ததும் வீட்டுக்காரர் சாமான்களை எடுத்துத் தெருவில் வைத்துவிட்ட இரண்டு ஆண்கள், இன்னொரு பெண்ணை நேசித்ததற்காக வேலை போன ஒரு ஆசிரியை. ஆரம்ப காலத்தில் நீதிமன்ற கேன்டீனில் இவர் வந்தால் பக்கத்து மேசையில் சிரிப்பார்களாம். அதைச் சொல்லும்போது இவரும் சிரிப்பார்.

"எங்கம்மா மார்க்கெட்டுக்குப் போறதும் நான் கோர்ட்டுக்குப் போறதும் ஒண்ணுதாம்மா. விடிஞ்சதும் போய் எடம் புடிக்கணும், தொண்ட நல்லா இருக்கணும், ஈ ஓட்டினு கெடந்தாலும் எடத்த வுட்டு ஏந்திருக்கக் கூடாது."

நான் அவர் மேல் பெரிய மரியாதை வைத்திருந்தேன். ஆனால் வீட்டில் என்ன சொல்லியிருந்தேன் தெரியுமா? சொத்து வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்று. கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். "வேலையப் பாரு, வெளியில பேசாத. நமக்கு எதுக்கு வம்பு" என்று அதோடு விட்டுவிட்டார். எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. வீட்டை விட்டு வந்தவர்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இருக்காது. மனுவில்கூட மேடத்தின் அலுவலக முகவரிதான் இருக்கும். இடம் தெரிந்தவர்கள் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. சேர்ந்த முதல் நாளே மேடம் சொல்லிவிட்டார். "இங்க எது வேணா தொலையலாம். அட்ரஸ் மட்டும் வெளிய போவக் கூடாது."

அந்த ஐப்பசியில் ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். பூர்வீகம் தெற்குச் சீமை. அவளும், பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணும் கல்லூரி நாளிலிருந்து ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டில் தெரிந்ததும் போனைப் பிடுங்கி, அறையில் வைத்துப் பூட்டி, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு நாள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, உடுத்திய துணியோடு வந்துவிட்டாள். வீட்டார் போலீசில் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பு கேட்டு மேடம் மனு தயார் செய்தார். அது விசாரணைக்கு வரும்வரை இருவரும் சேர்ந்து இருக்க வேண்டாம் என்று சொல்லி, இவளை அடையாறில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தார். பக்கத்திலேயே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் தற்காலிக வேலையும் ஏற்பாடு செய்தார்.

மனுவில் அவளுடைய கையெழுத்து வேண்டியிருந்தது. மேடம் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டதால் என்னைப் போகச் சொன்னார். அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. மகளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

என் மகளுக்கு மழை வந்தால் இழுப்பு வந்துவிடும். மருந்து அடிக்கும் குழாயில் முகமூடியைப் பொருத்தி மூக்கில் வைத்தால் வீடே இடிகிற மாதிரி அழுவாள். கையைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பேன். அன்று விடுதியில் அப்படித்தான் ஆனது. நான் அவளோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், தன் பையிலிருந்து தன்னுடைய இன்ஹேலரை எடுத்தாள்.

"பாப்பா, இங்க பாரு. அக்காவுக்கும் இருக்கு. நாம ரெண்டு பேரும் மீனு. தண்ணிக்குள்ள போறோம். பத்து எண்ணுற வரைக்கும் வெளிய வரக் கூடாது, சரியா?"

அவள் முதலில் தன் மருந்தை அடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணினாள். பிறகு என் மகளின் முகத்தில் முகமூடியை வைத்தாள். மகள் அழவில்லை. பத்து வரைக்கும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக எனக்கும் டாக்டருக்கும் முடியாததை அவள் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டாள். புறப்படும்போது, "தினம் எட்டே காலுக்கு வேலைக்குக் கிளம்பிடுவேங்கா. அதுக்கு முன்னாடி பாப்பா அடம் புடிச்சா போன் பண்ணுங்க, நான் பேசுறேன்" என்றாள்.

அந்த எட்டே கால் மணி எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

நான்கு நாள் கழித்து, மனுவின் நகலில் இருந்த முகவரியைப் பார்த்து அவளுடைய அம்மா அலுவலகத்துக்கு வந்தார். தீபாவளி வியாபார நேரத்தில் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். மேடம் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகவே பேசினார். "உங்க பொண்ணு நல்லா கீறா. அவளுக்கு விருப்பம் இருந்தா அவளே உங்ககிட்ட பேசுவா. எடத்த மட்டும் கேக்காதீங்க." அந்த அம்மா எழுந்து போனார்.

பன்னிரண்டு மணிக்கு நான் இறங்கியபோது பூக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என் கூடவே நடந்து வந்தார். நான் வேகமாக நடந்தேன். பள்ளி வாசலில் என் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

"பிள்ளைக்கு இழுப்பா தாயி? எம்மவளுக்கும் இதே இழுப்புதான். மூணு வயசுல ஆரம்பிச்சது. எத்தன நாளு மடியில நிமித்தி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப மருந்து கூட எடுக்காம போயிட்டாளே. மழ வேற இப்படிப் பெய்யுது." கையில் வைத்திருந்த மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். மருந்து, கம்பளித் துணி, கொஞ்சம் முறுக்கு.

"மருந்து அவங்ககிட்ட இருக்கும்மா. நான் பார்த்தேன். கவலைப்படாதீங்க" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பாத்தியா? அப்பம் உனக்கு எடம் தெரியும். ஏ தாயி, நான் உள்ள போகல, கூப்பிடவும் செய்யல. தூரமா நின்னு ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிருதேன். நீயும் ஒரு பொட்டப்பிள்ளயப் பெத்தவதான. உம் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன், ஒரு கண்ணு."

என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். விடுதியின் பெயரைச் சொன்னேன். கீழே மருந்துக் கடை இருக்கிறது என்று அடையாளம் சொன்னேன். "காலையில எட்டே காலுக்கு வெளியே வருவா. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்ல நின்னா தெரியும்."

அந்த அம்மா என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "இது பேரு என்ன?" என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்கு போன் செய்ய மூன்று முறை கைப்பேசியை எடுத்தேன். ஒரு தாய் தன் பெண்ணைத் தூரத்தில் நின்று பார்ப்பதில் என்ன தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மனதின் ஒரு மூலை நினைத்தது. எத்தனை பேருடைய கண்ணீரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்! அந்த மூலையை அது ஒன்றும் செய்திருக்கவில்லை. போன் செய்யவில்லை.

மறுநாள் காலை எட்டே காலுக்கு விடுதி வாசலில் கார் நின்றது. அம்மா, இரண்டு மாமன்மார். அம்மாவைப் பார்த்ததும் அவளே தெருவைக் கடந்து போனாளாம். அழுதாளாம். பேசிக்கொண்டிருக்கும்போதே காரில் ஏற்றிவிட்டார்கள். விடுதியின் காவலாளி ஓடி வருவதற்குள் கார் போய்விட்டது.

நான் அலுவலகம் போனபோது அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடம் என்னைப் பார்த்தார். "அந்தம்மா உன் பின்னாலயே வந்துச்சாமே, பூக்கார அக்கா சொன்னா. இன்னா பேசுன?"

"பேச்சு வாக்குல அடையாறுன்னு வாய் தவறி வந்துடுச்சு மேடம்."

அதுதான் நான் சொன்ன பொய். மேடம் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "என் ஆபீஸ்ல இருந்துதாம்மா வெளிய போச்சு. தப்பு என்னுது" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை. "இன்ஹேலர் ரூம்லயே இருக்கு மேடம். பேக் மாத்திட்டு, எடுக்க மறந்துட்டா போல" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்கொணர்வு மனு போட்டோம். அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் தமிழில் சொல்லச் சொல்ல, நான்தான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். 'காலை எட்டு மணி பதினைந்து நிமிடத்துக்கு' என்ற இடத்தில் என் விரல் நின்றது. மேடம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இன்னா, ஸ்பெல்லிங் டவுட்டா? அடிம்மா" என்றார்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் போலீசார் அவளை உயர் நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். புதுப் புடவை, இறுகப் பின்னிய சடை, தலை நிறையப் பூ. விடுதியில் பார்த்தவளுக்குப் பத்து வயது கூடியது போல இருந்தது. நீதிபதிகள் அவளைத் தனியே உள்ளே அழைத்துப் பேசினார்கள். அவசரப்படுத்தவில்லை. எங்கே போக விருப்பம் என்று கேட்டதற்கு, அப்பா அம்மாவுடன் போகிறேன் என்றாளாம். அவள் வயது வந்தவள், எப்போது வேண்டுமானாலும் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று உத்தரவில் எழுதி, வழக்கை முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

தாழ்வாரத்தில் அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். தன் தோழியின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. என் அருகில் வந்ததும் மட்டும் நடை தயங்கியது.

"பாப்பா இப்ப அழாம மருந்து அடிச்சுக்குறாளாக்கா?"

தலையாட்டினேன். அவள் போய்விட்டாள்.

பின்னால் வந்த அவளுடைய அம்மா, பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் திணித்தார். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே என் மகளின் பெயரை அழகாக வெட்டியிருந்தார்கள். அவர்கள் கடையில் பாத்திரம் வாங்குகிறவர்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள்.

"நீ நல்லா இருக்கணும் தாயி. எட்டே காலுன்ன, சொன்னாப்புல கரெக்டா வந்தா. பெத்த வயித்துல பால வாத்த. பிள்ளைக்கு இதுல பாலு குடு."

மூன்றடி தள்ளி மேடம், கழற்றிய கறுப்பு அங்கியைக் கையில் மடித்தபடி நின்றிருந்தார். நான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பெரியவர்கள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் திரும்பினோம். கூட்டம் இல்லை. சிந்தாதிரிப்பேட்டை தாண்டும்வரை மேடம் ஜன்னல் வழியே கூவத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வாய் தவறி வந்தா ஏரியா பேரு வரும்மா. டைம் வராது."

நான் அழ ஆரம்பித்தேன். எதிர் இருக்கையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "நாளையிலேர்ந்து நான் வரல மேடம்."

"வராம? நீ வூட்ல குந்திகினா அந்தப் பொண்ணு வெளிய வந்துருவாளா?"

"என்ன மன்னிச்சிடுங்க மேடம்."

"நான் யாரு மன்னிக்க? அந்தப் பொண்ணாண்ட கேளு. இப்பதான் அவ அட்ரஸ் ஊருக்கே தெரியுமே. போய்க் கதவத் தட்டு, தொறக்கறாங்களான்னு பாரு."

அதைவிடக் கடுமையாக அவர் என்னிடம் எப்போதும் பேசியதில்லை. திருமயிலை நிலையத்தில் இறங்கிப் படியில் வரும்போது குரல் கொஞ்சம் தணிந்தது. "எனக்கு முன்னாலயே தெரியும். கார் டயத்துக்கு வந்து நின்னப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். காலையில ஒரு ஸ்டேட்மென்ட் கீது, பத்து மணிக்கு வந்துரு. தமிழ்ல அழுதத இங்கிலீஷ்ல எழுத எனக்கு ஆளு இல்ல."

போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தண்டனை மாதிரியும் இருந்தது, அடைக்கலம் மாதிரியும் இருந்தது.

கதவைத் தட்டவும் முயன்றேன். தை மாதத்தில் ஒரு நாள் தி. நகரில் அந்தக் கடைக்கு எதிரே போய் நின்றேன். வாசலில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குத்துவிளக்கில் யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தார். கல்லாவில் அவளுடைய அப்பா. அவள் இல்லை. தெருவைக் கடக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அவளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருப்பதாக ஒரு பேச்சு. கல்யாணம் முடிந்துவிட்டது என்று இன்னொரு பேச்சு. எது உண்மை என்று தெரியாது. அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் இப்போதும் மாதம் ஒரு முறை வந்து, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நான் காபி போட்டுக் கொடுக்கிறேன். அவளிடம் எட்டே கால் மணியை யார் சொன்னது என்று இன்னும் சொல்லவில்லை. இது அச்சில் வருமானால் முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுக்க வேண்டும்.

அந்த உத்தரவின் நகல் ஒன்று மேடத்தின் கைப்பையில் எப்போதும் இருக்கிறது. 'எப்போது வேண்டுமானாலும்' என்ற வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரங்கள் நைந்துபோனால் மாற்றிவிடுவார். போன மாதம்கூட ஒரு புதிய நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

டம்ளர் சமையலறைப் பரணில், பழைய குக்கருக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒரு நாளும் பால் ஊற்றியதில்லை. எடைக்குப் போடவும் மனம் வரவில்லை, என் மகளின் பெயர் இருக்கிறதே. அவளுக்கு இப்போது ஆறு வயது. மழை வந்தால் மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பத்து வரை எண்ணுகிறாள். அதை யார் கற்றுக்கொடுத்தது என்பது அவளுக்கு நினைவில்லை.

சென்ற வாரம் வேறொரு அம்மா அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுதார். மகன் எங்கே என்று என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன், தண்ணீர் கொடுத்தேன், அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இவள் வளர்ந்து, ஒரு நாள் எனக்குப் பயந்து எங்கேயாவது ஒளிந்துகொள்ள நேர்ந்தால், அவள் இருக்கும் இடம் தெரிந்தவள் எவளாக இருந்தாலும், நான் எவ்வளவு அழுதாலும், எதன் மேல் சத்தியம் செய்தாலும், அதை என்னிடம் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இப்போது நான் வேண்டிக்கொள்கிறேன்.